திருஷ்டிப் பழுது

விமானம் இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் வலது எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தது. முன்திரையில் மஞ்சள் எழுத்து மினுங்கியது.

“வலது எஞ்சின், எண்ணெய்,” என்றான் துணை விமானி ஹபீப். சொல்லி முடிப்பதற்குள் அவன் விரல் திரைக்குக் கீழே இருந்த பொத்தானைத் தொட்டுவிட்டது. பிறகு இருவரும் சும்மா உட்கார்ந்து காத்திருந்தார்கள். மஞ்சள் எழுத்து தானாக அழிந்தது. அந்த இடத்தில் பச்சையாக ‘கவனித்தார்’ என்று வந்தது.

“திருஷ்டி கழிஞ்சுது மேடம்,” என்று ஹபீப் பிளாஸ்க்கைத் திறந்தான். “காப்பி ஊத்தவா?”

கேப்டன் செண்பகவல்லி வேண்டாமென்று தலையாட்டினாள். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை விமானம். கீழே பனி மூட்டம் இன்னும் விலகவில்லை.

எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழுது என்று திரை சொன்னது பொய். அந்தப் பொய்யைச் சொல்வதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதன் பெயர் விழிப்பு.

விமானங்கள் தாமாகவே ஏறி, பறந்து, இறங்கக் கற்றுக்கொண்ட பிறகு விமானிக்கு மிச்சமிருந்த வேலை பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஆனால் ஒருபோதும் கெட்டுப்போகாத ஒன்றை மனிதனால் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. கண் பார்க்கும், மனம் எங்கேயோ போய்விடும். இறங்குகிற நேரத்தில் இப்படி மனம் போய், கண் முன்னாலேயே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்க்காமல், சில விமானங்கள் விழுந்தன. பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். நிஜப் பழுது எப்போதோ ஒரு முறைதான் வருகிறது, அதனால்தான் அசந்துபோகிறார்கள், ஆகவே பொய்ப் பழுதுகளை நாமே அடிக்கடி கொடுத்து விழித்திருக்கச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். கேட்பதற்கு நல்ல யோசனைதான்.

விமானிகள் அதற்குத் திருஷ்டி என்று பெயர் வைத்தார்கள். அழகான குழந்தையின் கன்னத்தில் மையை வைத்துக் கொஞ்சம் கெடுத்துவிடுகிறோமே, அந்தக் கணக்கு. ஓர் இறக்கத்துக்கு ஒரு திருஷ்டி. அப்படி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் வழக்கமாக ஒன்றுதான் வரும். வந்து, பொத்தானைத் தொட்டு, அது மறைந்துவிட்டால் இருவரும் மூச்சு விட்டுக்கொள்வார்கள். காப்பி வெளியே வரும்.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பொய்யை நிஜமென்று நம்பிய விமானிகள் இறங்காமல் மறுபடி மேலே ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எரிபொருள் வீண், நேரம் வீண், பயணிகள் திட்டினார்கள். கம்பெனிகள் முறையிட்டன. உடனே ஒரு திருத்தம் வந்தது. பழுதைக் கவனித்தால் போதும், எதுவும் செய்யக் கூடாது. பொத்தானைத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொய் என்றால் தானாக மறையும், நிஜம் என்றால் மறையாது, மறையாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தவறவிட்டால் மஞ்சள் புள்ளி. பொய்யை நம்பிக் காரியத்தில் இறங்கிவிட்டால் ‘மிகை’ என்று சிவப்புப் புள்ளி. ஒரே வருடத்தில் மூன்று சிவப்பு வாங்கினால் அந்த இருக்கையில் இனி உட்கார முடியாது. பயிற்சி மையத்தின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்: பார், தொடு, காத்திரு.

இப்படியாக, எல்லாவற்றையும் பார்க்கிற, எதையும் நம்பாத ஒரு கூட்டத்தை உருவாக்கினார்கள். சம்பளமும் சீருடையும் கொடுத்து உருவாக்கினார்கள்.

ஹபீப் இதை வேடிக்கையாகச் சொல்வான். “அடுப்புல பால் பொங்குதத பாத்துக்கிட்டே நிக்கேன் மேடம். பொங்கி வழிஞ்சப்புறம்தான், ஆகா, இது நிஜம்லான்னு தோணுது. வீட்ல வாங்குத ஏச்சு கொஞ்சநஞ்சமில்ல.” அவன் காயல்பட்டினத்துப் பையன், செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. விமானி அறைக் கதவு சாத்தியதும் இருவர் பேச்சிலும் ஊர் வந்துவிடும்.

செண்பகவல்லியால் அந்த வேடிக்கைக்குச் சிரிக்க முடியாது. போன கோடையில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவள் கணவர் ஆறுமுகநயினார் கையை உதறிக்கொண்டு, “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு செண்பகம்,” என்றார். அவள் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. இடது கையை அடிக்கடி மடக்கி நீட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், பார்த்தபடி காத்திருந்தாள். மறைந்துவிடும் என்று அவள் நினைக்கக்கூட இல்லை. அவள் உடம்பு அப்படிப் பழகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது ஒரு விவரம் விடாமல் வரிசையாகச் சொன்னாள்.

“இவ்வளவையும் கவனிச்சிருக்கீங்க,” என்றார் அந்த டாக்டர். “ஏம்மா உடனே கூட்டிட்டு வரல?”

கணவரின் காரியமெல்லாம் முடிந்து மறுபடி வேலைக்கு வந்தபோது, இனி கண்ணில் படுவதை நம்புவது என்று முடிவு செய்துகொண்டாள். அதன் பலனாக அந்த வருடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வாங்கியிருந்தாள். இரண்டு முறையும் பொய்ப் பழுதை நம்பி விமானத்தை மேலே ஏற்றியிருந்தாள். கம்பெனியில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இன்னும் ஒரு புள்ளிதான் பாக்கி.

ஹபீப் காப்பியைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினான். விமானம் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மறுபடி மஞ்சள் எழுத்து.

‘உயர அளவிகள் ஒத்துப்போகவில்லை.’

செண்பகவல்லியின் பக்கத்து அளவி ஆயிரத்து நூறு அடி என்றது. ஹபீப்பின் பக்கத்து அளவி அறுநூறு என்றது. விமானம் அவள் பக்கத்து அளவியை நம்பி இறங்கிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இப்படி இரண்டும் சண்டை போட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஒன்று இருக்கும். விழிப்பு வந்த பிறகு, விமானிகள்தான் இப்போது நன்றாக விழித்திருக்கிறார்களே என்று அதை எடுத்துவிட்டார்கள்.

“ரெண்டாவது திருஷ்டியா?” என்று ஹபீப் பொத்தானைத் தொட்டான். “ஒரே இறக்கத்துல ரெண்டு போடுதானே இன்னைக்கு. காத்திருப்போம் மேடம்.”

செண்பகவல்லி திரையை விட்டுவிட்டு வெளியே பார்த்தாள். பனி கிழிந்து கீழே உப்பளம் தெரிந்தது. பாத்தி பாத்தியாக வெள்ளை. உப்பளத்துக்கு மேலே உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது, எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளையில் ஒருத்தி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் கட்டியிருந்த துண்டு சிவப்பு. வாருபலகையின் கம்புகூடத் தெரிந்தது. ஆயிரத்து நூறு அடியிலிருந்து கம்பு தெரியாது.

“ஏறுதோம்,” என்றாள். கை அதற்குள் விசைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டது.

“மேடம், மூணாவது சிவப்பு…”

“ஏறுதோம்னேன்.”

எஞ்சின்கள் அலறின. பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது. மேலே போனதும் இரண்டு அளவிகளும் ஒன்றும் நடக்காததுபோல ஒரே எண்ணைக் காட்டின. அவள் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை வெளியே வைத்து, தூத்துக்குடியில் இறக்கினாள். பயமாக இருந்தது, கூடவே பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

திரையில் ‘பரிசீலனையில்’ என்று வந்து அப்படியே நின்றது.

“எப்பவும் உடனே தீர்ப்புச் சொல்லிரும்,” என்றான் ஹபீப். “இன்னைக்கு என்ன யோசிக்கி?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் வெளிய பாக்கல மேடம். திரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா நீங்க பாத்தீங்கன்னா பாத்ததுதான். யார் கேட்டாலும் சொல்லுவேன்,” என்றான்.

விமானத்தை ஓரங்கட்டினார்கள். பழுது பார்க்கிறவர்கள் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழுவினார்கள். தூத்துக்குடியில் அதுதான் வழக்கம். உப்புக்காற்றில் வந்து நிற்கிற எந்த விமானத்தையும் கழுவித் துடைத்த பிறகுதான் கை வைப்பார்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய கருவிகள் துருப்பிடித்துப்போகும். கழுவி, காய வைத்து, காற்றழுத்தம் போகிற குழாய்களை ஊதிப் பார்த்து, அளவிகளைக் கழற்றிச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவர்கள் அப்படிச் சொன்னதற்கு அப்புறம்தான் திரையில் தீர்ப்பு வந்தது. ‘பொய்ப் பழுது. பதில்: மிகை.’

மறுநாள் சென்னையில், தென்திசை ஏர்வேஸ் அலுவலகத்தில், பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ராகவேந்திரன் அவளை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர்தான், முழங்கால் போனதால் நாற்காலிக்கு வந்தவர்.

“அது நிஜம் சார்,” என்றாள் செண்பகவல்லி. “ரெண்டு அளவிக்கும் ஐந்நூறு அடி வித்தியாசம். நான் கீழ ஆளைப் பார்த்தேன்.”

“விழிப்பு சொல்லுது, அது நான் போட்ட பொய்தான்னு. அதுவே ஒத்துக்கிட்டப்புறம் நாம என்ன வழக்கு நடத்தறது?”

“ஏன் அவ்வளவு நேரம் கழிச்சு ஒத்துக்கிச்சு?”

“நெட்வொர்க் மெதுவா இருந்திருக்கும்.” ராகவேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மேடம், உங்ககிட்ட ஒளிவு மறைவு இல்லாம பேசறேன். விமானி ‘நிஜம்’னு அடிச்சுச் சொன்னா வண்டி நிக்கணும். காரணம் கண்டுபிடிக்கற வரைக்கும் பறக்கக் கூடாது, அது சட்டம். இல்லாத காரணத்தை எத்தனை மாசம் தேடறது? வண்டியும் நிக்கும், உங்க மூணாவது சிவப்பும் நிக்கும். நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. அதுவே, பொய்தான், தப்பா எடுத்துக்கிட்டேன்னு சொன்னீங்கன்னா, அந்தச் சிவப்பை மஞ்சளாக்கற அதிகாரம் எனக்கு இருக்கு. ஒரு பயிற்சி முடிச்சுட்டு வாங்க. பழையபடி உக்காருங்க.”

“நான் பார்த்தேன் சார். தலையில சிவப்புத் துண்டு.”

“பனி மூட்டம் இருந்ததா இல்லையா?”

“இருந்தது.”

“உப்பளத்துல சிவப்பா எத்தனையோ இருக்கும். கொடி நட்டிருப்பாங்க. பிளாஸ்டிக் வாளி கிடக்கும். எவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

“ஒரு நிமிஷம்கூட இல்ல. சட்டுனு…”

“சட்டுனு,” என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதில் கிண்டல் இல்லை, அதுதான் அவளைக் கலைத்தது. “நயினார் சார் போனதுலேந்து நீங்க எல்லாத்தையும் நிஜம்னுதான் எடுத்துக்கறீங்க. எனக்குப் புரியுது. உங்க இடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான். முன்னாடி ரெண்டு தடவையும் நிச்சயமாத்தானே இருந்தீங்க?”

இருந்தாள். இரண்டு முறையும் இதே நிச்சயத்தோடுதான் விமானத்தை ஏற்றினாள். இரண்டும் பொய்.

அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த உப்பளத்தை மறுபடி மனதில் கொண்டுவரப் பார்த்தாள். வெள்ளை வந்தது, சிவப்பு வந்தது. சிவப்புக்குக் கீழே முகம் இருந்ததா? கம்பு தெரிந்ததா, அல்லது கம்பு தெரிந்தது என்று அப்புறம் சேர்த்துக்கொண்டாளா? நினைக்க நினைக்க அந்தப் பெண் வாளியாக மாறினாள். பறக்காமல் இருந்தால் நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதை அவளால் செய்ய முடியாது. கண்ணை நம்ப முடியவில்லை என்பது பாதி, வீட்டுக்குப் போக முடியாது என்பது பாதி. எந்தப் பாதி முதலில் பேசியது என்று அவளுக்கே தெரியாது.

“பொய்தான்,” என்றாள்.

“கொஞ்சம் விளக்கமாச் சொல்லிடுங்க. பதிவு பண்ணிக்கறேன்.”

“அது பொய்ப் பழுது. நான் தப்பா எடுத்துக்கிட்டேன். காத்திருந்திருக்கணும்.”

அவர் எழுந்து வந்து கை கொடுத்தார். விமானத்தை அன்று மாலையே விடுவித்தார்கள். அவள் பேசிய பதிவைப் பாடமாக இருக்கட்டும் என்று கம்பெனியின் எல்லா விமானிகளுக்கும் அனுப்பினார்கள்.

சாயங்காலம் ஹபீப் போன் செய்தான். சீருடையில் இல்லாதபோது அவளை அக்கா என்பான்.

“அக்கா, ஒரு ரெக்கார்டிங் வந்திருக்கு. உங்க குரலு. நீங்களேதானா பேசியிருக்கீங்க?”

“நாந்தான்.”

“சொல்லச் சொன்னாங்களா?”

அடுப்பில் ஒருத்திக்கான சோறு வெந்துகொண்டிருந்தது.

“இல்லக்கா, எதுக்குக் கேக்கேன்னா, அந்த வண்டிய இந்த வாரம் எனக்குப் போட்டிருக்காவ. கேப்டன் வேதநாயகம் சார்கூட. அதே தூத்துக்குடிதான். மத்தவங்க என்ன சொன்னாலும் எனக்கு அக்கறை இல்ல. நீங்க சொல்லுங்க. அது பொய்யா, நிஜமா?”

நிஜம் என்றால், காலையில் சொன்னதை என்ன செய்வது? அவன் அதை அப்படியே போய்ச் சொல்லுவான், யார் கேட்டாலும் சொல்லுகிற பையன். தெரியவில்லை என்று சொல்லலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் துணை விமானி கேட்கும்போது தெரியவில்லை என்று அவள் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

“பொய்தான் ஹபீப். நான்தான் பதறிட்டேன்.”

“அப்பாடா,” என்று அவன் சிரித்தான். “மனசே சரியில்ல பாத்துக்கிடுங்க. நீங்க வாய் தொறந்து சொன்னப்புறம்தான் உசிரு வருது. வச்சிரட்டுமாக்கா?”

வைத்துவிட்டான். அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பக் கூப்பிடலாம் என்று தோன்றியது. பயிற்சி முடிந்து வந்ததும் நேரில் உட்கார வைத்துப் பேசலாம், போனில் எதற்கு என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம்தான் வசதியாக இருந்தது. சோற்றை வடித்தாள்.

செய்தி வந்தபோது செண்பகவல்லி பயிற்சி வகுப்பில் இருந்தாள். தூத்துக்குடி ஓடுபாதைக்கு முன்னால், உப்பளத்தில் ஒரு விமானம் விழுந்திருந்தது. பின் வரிசைகளில் இருந்த சிலர் பிழைத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் யாருமில்லை. வகுப்பில் இருந்த ஒருவன் அது எந்த வண்டி என்று கேட்டான். அவளுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விசாரணை பல மாதம் நடந்தது. அவளைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி லூர்தம்மாள் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். அறையில் வேறு யாரும் வேண்டாமென்று உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, தானே ஒரு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க அன்னைக்குப் பார்த்தது நிஜம். அதை முதல்ல சொல்லிடறேன்,” என்றார்.

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

“உயர அளவிக்குக் காத்து போற துளை, வண்டியோட பக்கவாட்டுல பொத்தான் அளவுதான் இருக்கும். அதுல உப்பு அடைச்சிருந்திருக்கு. அடைச்சா உள்ள பழைய காத்து மாட்டிக்கும். வண்டி இறங்கினாலும் அளவி மேலேயே நிக்கும். நீங்க ஏறினப்ப உள்ள இருந்த காத்து உப்பைக் கொஞ்சம் தள்ளி வழி விட்டிருக்கு, அதான் ரெண்டும் மறுபடி ஒத்துப்போச்சு.”

“மெக்கானிக்குகள் பார்த்தாங்களே. ஊதிப் பார்த்தோம்னாங்க.”

“கழுவிட்டுப் பார்த்தாங்க. வெளிய இருந்த உப்பு கரைஞ்சு போச்சு. கொஞ்சம் தண்ணியோட உள்ள போச்சு. அவங்க ஊதினப்ப அது கரைசலா இருந்திருக்கு, காத்து போச்சு. அப்புறம் குழாய்க்குள்ளயே காய்ஞ்சு மறுபடி கட்டியாயிடுச்சு. நல்லாத் துடைச்சு வைக்கணும்னுதான் கழுவினாங்க. அவங்க மேல என்ன குத்தம் சொல்ல.”

“விழிப்பு தானே போட்டேன்னு சொல்லுச்சே.”

“அது அன்னைக்கு ஒண்ணுதான் போட்டுது. எண்ணெய். ரெண்டாவது அதுக்கே தெரியாது. அதுல ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. ஒரு பழுது வந்து, தானா மறைஞ்சு, தேடியும் காரணம் கிடைக்கலைன்னா, அதைத் தன் பேர்ல எழுதிக்கும். இல்லைன்னா காரணம் தெரியாத பழுதுக்கெல்லாம் வண்டியை நிறுத்திப் போடணும் இல்லையா? அதனால அது மெக்கானிக்குகள் முடிக்கற வரைக்கும் காத்திருந்தது. இப்படி எத்தனை நிஜத்தை அது தன்னோடதுன்னு எழுதி வச்சிருக்கோ, இப்பத்தான் ஒவ்வொண்ணாத் தோண்டறோம். உங்க முதல் ரெண்டு சிவப்பையும் சேத்துத்தான்.”

செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு என்றால் இதைக் கேட்டு அவள் அழுதிருப்பாள், சந்தோஷத்தில்.

“உங்க பேர்ல இருந்த எல்லாப் புள்ளியையும் எடுத்தாச்சு,” என்றார் லூர்தம்மாள். “வர்ற திங்கட்கிழமையிலேருந்து நீங்க பறக்கலாம்.”

“விழிப்பை நிறுத்திட்டாங்களா?”

“இல்லை. நான் எழுதத்தான் எழுதினேன். இனி ஓர் இறக்கத்துக்கு ரெண்டு பொய் போடணும்னு முடிவாயிருக்கு. விமானிங்க ஒண்ணோட அசந்துடறாங்களாம்.”

செண்பகவல்லி கேட்டாள்.

“வேதநாயகம் சார் ஏன் ஏறல? மறையாம இருந்திருக்குமே. அவர் நிதானமான ஆளு.”

லூர்தம்மாள் மேசையில் இருந்த கருவியை விரலால் நகர்த்தினார். “விமானி அறைப் பதிவு இருக்கு. உங்களுக்குப் போடணுமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். நான் போடாட்டியும் ஒரு நாள் யாராவது போட்டுடுவாங்க.”

“போடுங்க.”

முதலில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு வேதநாயகத்தின் கனத்த குரல்.

“ஹபீப், அளவி ரெண்டும் ஒத்துப்போகலை. பாத்தியா?”

“பாத்தேன் சார். தொட்டுட்டேன்.”

“போக மாட்டேங்குதே. எனக்குச் சரியாப் படல. ஏறிடலாம்.”

“வேண்டாம் சார், சிவப்பு வாங்காதீங்க. இது அன்னைக்கு வந்த அதே பொய்தான். செண்பகம் மேடமே எங்கிட்டச் சொன்னாங்க. நான் அவங்ககிட்டத் தனியாக் கேட்டேன் சார், போன் போட்டுக் கேட்டேன். பொய்தான்னுட்டாங்க. கொஞ்சம் காத்திருங்க, போயிரும்.”

“அவங்களே சொன்னாங்களா?”

“ஆமா சார். அவங்க சொன்னா சரியா இருக்கும்.”

“சரி அப்ப.”

அதற்கு அப்புறம் பேச்சு இல்லை. லூர்தம்மாள் கருவியை நிறுத்தினார். மிச்சத்தை அவர் போடவில்லை, செண்பகவல்லியும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று லூர்தம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

“நான் முழுசாக் கேட்டேன்மா. ஒண்ணு மட்டும் சொல்லலாம். அந்தப் பையன் கடைசி வரைக்கும் பயப்படவே இல்லை.”

“பயந்திருக்கணும் மேடம்,” என்றாள் செண்பகவல்லி. “பயந்திருந்தா இருந்திருப்பான்.”